அந்தப் பச்சைக் கோடு உன் அப்பா இல்லை

பிரபு,

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன், மற்றதைச் சொல்லக் கொஞ்சம் தெம்பு வரும். போன மாதம் ஒரு காலையில் நான் உன் அப்பாவின் கறுப்பு டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, மேலே அவருடைய பழைய வேன் டிரைவர் யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, கொண்டை அவிழாமல் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நம் முன்னறையில் போனுக்கு எதிரே நின்று வலது கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். பேண்ட் இடுப்பில் நிற்காததால் இடது கையால் அதைப் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு பாத்திமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "க்யா ஆன்ட்டி, போலீஸ்ல ஆள் எடுக்குறாங்களா?" என்றாள். உன் அப்பா பாதி முகத்தால் சிரித்த சிரிப்பில் எச்சில் ஒழுகி பனியன் நனைந்துவிட்டது. பாத்திமா இன்றைக்கும் மாவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுகிறாள்.

சிரித்தாயா? சிரித்துக்கொள். இனிமேல் சிரிக்க அதிகம் இல்லை. நீ ஒயிட்ஃபீல்டில் ஆபீஸில் உட்கார்ந்து, காலையும் மாலையும் உன் கம்ப்யூட்டரில் பார்த்துப் பூரித்துப்போன அந்தப் பச்சைக் கோடு உன் அப்பா இல்லை. அது நான். தோள் உயர்ந்தது, முழங்கை நிமிர்ந்தது, வாராவாரம் முன்னேற்றம் என்று நீ சொன்னதெல்லாம் மாவு அரைத்து அரைத்து உரம் ஏறிய உன் அம்மாவின் தோள்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பல வருஷமாக இருந்த தோள்வலி சுத்தமாகப் போய்விட்டது. உன் கம்பெனியின் பிசியோதெரபி ஆப் நன்றாகத்தான் வேலை செய்கிறது. தப்பான ஆளுக்குச் செய்தது, அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை அந்தப் பெரிய ஓட்டலில் பிசியோதெரபிக்காரர்கள் எல்லாரும் கூடுகிற கூட்டத்தில் நீ பேசப்போகிறாய். அப்பாவின் கிராஃபைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, அவரையே மேடைக்கு அழைத்துக் கையைத் தூக்கச் சொல்லப்போவதாக நீ சொன்னபோது நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைச் சட்டைகூட வாங்கி அனுப்பிவிட்டாய். பிரபு, அந்தக் கை தூக்காது. அந்த விரல்கள் விரியாது. உன் அப்பாவை அத்தனை பேர் முன்னால் உட்காரவைத்து அதை நீ கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய், நானும் சரிப்பா என்று வைத்துவிடுவேன். அதுதான் இத்தனை நாளும் நடந்தது. உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆபீஸில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இப்படி ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிற வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கும். இந்தப் புத்தி எனக்கு மட்டும்தான் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நீ படித்த காலத்தை நினைத்துப் பார். தசைகளின் பெயர் மண்டையில் ஏறவில்லை என்று, உன் அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பும் நீலமுமாகப் படம் வரைந்தாய். "அப்பா, கையை இப்படி இழுங்க, இது நகருதா பாக்கறேன்" என்று நீ சொல்ல, அவர் "டேய் கூச்சமா இருக்குடா" என்று நெளிய, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே கூத்து. மறுநாள் குளிக்காமல் வேன் ஓட்டப் போனார். காக்ஸ் டவுனிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவதற்குள் வேர்த்து, வெள்ளை யூனிபார்ம் முதுகில் உன் பாடம் முழுக்க அச்சாகிவிட்டது. பள்ளியில் சிஸ்டர் என்னவென்று கேட்டதற்கு, "என் பையன் டாக்டருக்குப் படிக்கிறான், நான்தான் அவன் புஸ்தகம்" என்றாராம். அந்தச் சட்டையை எத்தனை முறை துவைத்தும் கறை போகவில்லை. அதைத்தான் நான் மாட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் நின்றேன்.

அப்போதெல்லாம் நீ எல்லாரையும் தொட்டுக்கொண்டே இருப்பாய். பால்காரர் முழங்காலைத் தட்டுவாய், என் கழுத்தைத் திருப்பி "படக்" என்று சொடுக்கெடுத்து என்னை அலறவைப்பாய். பாத்திமாவின் மாமியார் உனக்குப் பயந்துகொண்டு உன்னைக் கண்டாலே சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடுவார். அப்படிப்பட்ட உன் கை, உன் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த அன்றோடு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் நீ அவர் வலது கையை மேலே தூக்கி விட்டுப் பார்த்தாய். அது தொப்பென்று கட்டிலில் விழுந்தது. உன் படிப்பில் அது ஒரு சோதனை, எனக்குப் புரிகிறது. ஆனால் நீ மறுபடி அதை எடுத்து அவர் பக்கத்தில் வைக்கவில்லை. வெளியே போய்த் தண்ணீர்க் குழாய் அருகே நின்றுகொண்டாய். நான்தான் எடுத்து வைத்தேன். உன் கை நடுங்கியதை நான் பார்த்தேன் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவரிடமிருந்து இரண்டு முழம் தள்ளியே நின்றாய். கேட்டால் "சொந்தக்காரங்களுக்கு நாங்களே ட்ரீட் பண்ணக் கூடாதும்மா, அதுதான் முறை" என்றாய். முறையாகவே இருக்கட்டும். முறை என்று சொல்கிறவன் பார்வை ஏன் அப்படித் தரையில் இருந்தது?

நீ தொடாவிட்டாலும் பிசியோதெரபி செய்ய உன் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பினாய், அதை நான் மறக்கவில்லை. ஷில்பா வந்த நாட்கள் நல்ல நாட்கள். ஹாசன் பக்கத்துப் பெண், தமிழைக் கன்னடத்தில் முக்கி எடுத்துப் பேசுவாள். "பேடா அங்கிள், கோபம் வேணாம், ஸ்வல்ப, கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கையை மடியில் வைத்துக்கொள்வாள். விரலைப் பிடித்து இழுக்கவே மாட்டாள். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குவாள், அப்புறம் கட்டைவிரலை மெல்ல வெளியே எடுப்பாள், மற்ற விரல்கள் தூங்கி எழுந்த பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றாகத் தானே விரியும். நான் உன் அப்பாவைச் சீண்டுவேன்: "உங்க கையைப் பிடிக்க சின்னப் பொண்ணு வர்ற நாள்ல மட்டும் எப்படிங்க விடியறதுக்கு முன்னால குளிக்கத் தோணுது?" அவர் குழறிக் குழறி, "நீ... பிடிச்சா... வலிக்குதுடி" என்பார். ஷில்பாவுக்கு அது புரிந்துவிடும், சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

உன் தொழிலில் வருகிற புதுசு எல்லாம் நீ ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுவாய். எங்கேயோ காலில்லாதவனை நடக்கவைக்கிற இரும்புக் கால் வந்திருக்கிறது, தலைக்கு மாட்டினால் மூளைக்கு உடற்பயிற்சி கொடுக்கிற தொப்பி வந்திருக்கிறது என்பாய். அதற்கு நடுவில் பிசியோதெரபிக்காரர்கள் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று டிவியில் சண்டை ஓடியது. போடலாம் என்றார்கள், கூடாது என்றார்கள், மறுபடி பொறு என்றார்கள். நீ கோபத்தில் ரசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாய். உன் அப்பா கட்டிலிலிருந்து, "போர்டுல... என்ன எழுதினா... என்னடா. கை... கைதானே" என்றார். நீ அதைக் கேட்டாயா இல்லையா தெரியாது. போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் அந்த ஆப்பைக் கொண்டுவந்திருந்தாய்.

நீ விளக்கினது எனக்கு நன்றாகவே புரிந்தது. போனைச் சாய்த்து வைத்தால் அதன் கண் ஆளைப் பார்க்கும், படத்தைச் சேர்த்துவைக்காது, கை கால் மூட்டுகளை மட்டும் புள்ளி வைத்துக் கோடு போட்டுக் குச்சி மனிதனாக்கும். சரியாகச் செய்தால் கோடு பச்சை, தப்பாகச் செய்தால் சிவப்பு. உனக்கு அந்தக் கோடுதான் வரும், முகம் வராது. "பிசியோ கிடைக்காத கிராமத்துல இருக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமாம்மா?" என்றாய். தெரியும். அதை இன்றைக்கும் நான் இல்லையென்று சொல்லவில்லை. நீ போனைப் பொருத்தினாய், பெல்ட் போட்டு அப்பாவை நிமிர்த்தி உட்காரவைக்க என்னைச் சொன்னாய், நீ தள்ளி நின்று "இப்ப தூக்குங்கப்பா" என்றாய். திரையில் ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் செத்த கிளை மாதிரி சிவப்புமாக ஒரு குச்சி மனிதன் வந்தான். "இன்னும் சற்று உயர்த்துங்கள்" என்று போனிலிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி சொன்னது. மறுபடியும் அதே மரியாதையோடு சொன்னது. உன் அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது... நான் இல்ல" என்றார். நீ, "முதல்ல அப்படித்தான் இருக்கும்பா, பழகிடும்" என்று சொல்லி மெட்ரோவைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாய்.

அவர் பழகவில்லை. நீ போன பிறகு போனை இடது கையால் கவிழ்த்து வைத்தார். நேரமானால் அது கூப்பிடும், அவர் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். நாள் தவறினால் உனக்குத் தகவல் போகும், நீ எனக்குப் போன் செய்வாய். "ஏம்மா அப்பா செய்யல? அவருக்கு மோட்டிவேஷனே இல்லம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?" நீ சத்தமாகப் பேசுகிறவன், முன்னறை முழுக்கக் கேட்கும். அவர் கேட்டுக்கொண்டே கூரையைப் பார்ப்பார். ஒரு காலையில் எனக்கு அது பொறுக்கவில்லை. அவரைச் சிரிக்கவைக்கலாம் என்றுதான், கடவுள் சத்தியமாக அதற்கு மட்டும்தான், போனை நிமிர்த்திவைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். நைட்டியில் நின்றால் "ஆடை தளர்வாக உள்ளது" என்று குறை சொன்னது. "இரு, உன் டேஸ்ட்டுக்கே வரேன்" என்று அவர் பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். வாயை அவரைப் போலவே ஒரு பக்கம் கோணிக்கொண்டு, "டேய் கூச்சமா இருக்குடா" என்று அவர் குரலில் சொல்லிக்கொண்டு கையைத் தூக்கினேன். ஸ்ட்ரோக் வந்த பிறகு உன் அப்பா முதன்முதலாகச் சிரித்தார் பிரபு. தோள் குலுங்கச் சிரித்தார். திரையில் குச்சி மனிதன் தலையிலிருந்து கால்வரை பச்சையானான். "மிகச் சிறப்பு" என்றது அது.

அன்று மத்தியானமே நீ கூப்பிட்டாய். "அம்மா, ஸ்பீக்கர்ல போடு. அப்பா! கலக்கிட்டீங்கப்பா! எங்க டீம்ல எல்லாருக்கும் காட்டினேன்." எத்தனையோ மாதமாக உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நாங்கள் கேட்டதில்லை. நான் கண்ணால் அவரிடம் கேட்டேன், சொல்லிவிடட்டுமா என்று. அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். போனைப் பார்த்து, "ம்" என்றார். "நாளைக்கும் செய்வீங்களாப்பா?" என்றாய். "ம்." நீ வைத்த பிறகு, "பையன்கிட்ட... சொல்லாத" என்றார். அந்த "ம்"மில் நானும் பங்கு. எனக்கும் நீ சிரித்த சத்தம் வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அது எங்கள் வீட்டு நாடகமாகிவிட்டது. காலையில் மாவு வியாபாரம் முடிந்ததும் நான் வேஷம் கட்டுவேன், அவர் கட்டிலிலிருந்து மேஸ்திரி வேலை பார்ப்பார். "இன்னும்... தூக்கு. சோம்பேறி." "உங்க பையன் கேக்கறது உங்க கையை, என் கையை இல்ல, தெரியுமில்ல?" "பேசாத... கோடு சிவக்குது." இப்படியே. எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் என்னோடு அத்தனை பேசியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நன்றாகத் தூக்கினால் நீ சந்தேகப்படுவாய் என்று, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்கவிட்டார். அந்த யோசனை முழுக்க அவருடையது. வேன் டிரைவர் அல்லவா, எங்கே வேகம் எடுக்க வேண்டும், எங்கே பிரேக் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீ அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி ஸ்டெடியா ஏறுற கிராஃப் நான் பார்த்ததே இல்லம்மா" என்றாய். ஆப் வந்ததிலிருந்து நம் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்த ஷில்பாவை அடுத்த வாரம் அடியோடு நிறுத்திவிட்டாய். அப்பாவுக்கு இனி ஆள் தேவையில்லை என்றாய்.

ஷில்பா கடைசியாக ஒரு நாள் வந்தாள், அது உனக்குத் தெரியாது. கூப்பிடாமலே வந்தாள். கம்பெனியில் வீட்டுக்கு ஆள் அனுப்புவதையே குறைக்கிறார்களாம், அவளோடு சேர்த்து நிறையப் பேருக்கு வேலை இல்லையாம். "நிறைய பேருக்கு போன்லயே ஆகுது ஆன்ட்டி. அங்கிள் கிராஃப் காட்டித்தான் மேனேஜர் சொன்னாரு, பாருங்க, ஆளே வேணாம்னு." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள். தன்னுடைய நோயாளி தேறிவிட்டார் என்கிற பெருமை. அப்புறம் வாசலில் நின்றபடியே, "ஒரு சல, ஒரே ஒரு தடவை அந்தக் கையை நான் பிடிச்சுப் பாத்துட்டுப் போறேன். நான் நெனச்சதைவிட ஜாஸ்தி வந்திருக்கு, அதான்" என்றாள். கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் உன் அப்பா துண்டை எடுத்துக் கையை மூடிக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "இப்பதாம்மா தூங்கினாரு" என்றேன். அவள் செருப்பைக் கழற்றப் போனவள் மறுபடி மாட்டிக்கொண்டாள். ஒரு டப்பா மாவு கொடுத்தனுப்பினேன். அந்தப் பெண் அன்று உள்ளே வந்திருந்தால் தொட்ட மாத்திரத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் உள்ளே விடவில்லை. அவள் வேலையும் உன் அப்பாவின் கையும் ஒன்றாக நம் வாசலைத் தாண்டிப் போனதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டு அதற்குப் பிறகு அவர் கையை விட்டு இறங்கவேயில்லை. குளிர் என்பார், கொசு என்பார். குளிப்பாட்டும்போதும் அந்தக் கையை வயிற்றோடு சேர்த்துக்கொள்வார், நான் மேலாகத் தண்ணீர் ஊற்றிவிடுவேன். பிறகு ஒரு நாள் நாற்றம் வந்தது. முதலில் எலி செத்திருக்கிறதோ என்று கட்டிலுக்கடியில் தேடினேன், பிரபு. அவர் நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. துண்டை எடுத்தேன். பிறந்த குழந்தையின் கை மூடியிருக்குமே, அப்படி மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் அதன்மேல். நகம் வளர்ந்து உள்ளங்கையைக் கிழித்து உள்ளே போயிருந்தது. ஷில்பா செய்தது மாதிரியே முதலில் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தேன். மணிக்கட்டே கல்லாகிவிட்டிருந்தது. அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, தசை சுருங்கிவிட்டது, ஊசி போட்டு, கையை விரித்துப் பிடிக்கிற சட்டம் கட்டி, தினமும் ஒருவர் கூடவே இருந்து நீட்டிவிட்டால் உள்ளங்கையைச் சுத்தம் செய்கிற அளவுக்காவது விரியலாம், இல்லாவிட்டால் அறுவைதான் என்றார். வேலை செய்கிற கையாக அது இனி வருமா என்று கேட்டேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு, "இத்தனை நாளா யாரும் நீட்டிவிடலையா?" என்று கேட்டார். உன் அப்பா என்னை முந்திக்கொண்டு, "நான்தான்... செய்யல" என்றார். அந்த வாய் குழறலில்கூட என்னைக் காப்பாற்றப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோ அல்சூர் ஏரி ஓரம் வந்தபோது உன் அப்பா, "சனிக்கிழமை... சட்டை... முழுக்கையா?" என்று கேட்டார். முழுக்கைதான் என்றேன். "அப்ப... மறைச்சுக்கலாம்" என்றார்.

அதனால் சனிக்கிழமை அவர் வரமாட்டார். நான் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். உன் மேலதிகாரிகள் முன்னால் உனக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று எனக்குத் தெரியும். உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு போகலாம். பெயர் கெடலாம். எனக்காக நீ அதை மூடி மறைத்தால் மட்டும் உன்னை விடமாட்டேன். அந்த கிராஃபைத் திரையில் போடு. போட்டுவிட்டு, இது என் அப்பா இல்லை, என் அம்மா, ஜீவனஹள்ளியில் மாவு விற்கிறவள், எங்கள் மெஷினை ஏமாற்றிவிட்டாள் என்று சொல். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் சிரிப்பதற்குத் தகுந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன். சிரித்து முடித்த பிறகு அந்தக் கையைப் பற்றிச் சொல். மெஷின்மேல் பழி போடாதே. அது பார்த்ததைச் சொன்னது. பொய் சொன்னது அதற்கு முன்னால் நின்ற நான். ஆனால் யார் நிற்கிறார்கள் என்று அது ஒரு தடவையும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உன் கம்ப்யூட்டரில் எத்தனை வீட்டுக் குச்சி மனிதர்கள் பச்சையாக நிற்கிறார்களோ, அத்தனை பேர் கையையும் யாராவது ஒருவர் ஒருமுறையாவது போய்ப் பிடித்துப் பார்க்கட்டும். அதை மட்டும் அங்கே கேள். ஷில்பாவைக் கூப்பிட்டு நான் உள்ளே விடாததற்குக் காரணத்தையும் சொல். அவளிடம் நானே சொல்லியிருக்க வேண்டும், நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன்.

உனக்கு என்று தனியாக ஒன்று. நீ பயந்துதான் தொடாமல் இருந்தாய். அது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். மற்றவர்கள் கை விழுந்தால் அது உனக்கு நோய், அப்பா கை விழுந்தால் உன் முதுகெலும்பே விழுந்த மாதிரி. அதற்காக நீ ஓடிப்போனதை நாங்கள் இரண்டு பேரும் குற்றமாக நினைக்கவில்லை. நீ பயந்தாய், நீ சிரிக்க வேண்டும் என்று நாங்கள் பொய் சொன்னோம், மூன்று பேருமாகச் சேர்ந்து அந்தக் கையை மூடிவிட்டோம். நகத்தை நான் ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறேன். சுண்டுவிரலில் இன்னும் ஒன்று பாக்கி, உள்ளே ஆழமாக இருக்கிறது, என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. அதை நீ வந்து எடு. நடுங்கினாலும் பரவாயில்லை, மற்ற நகங்களை வெட்டும்போது என் கையும் நடுங்கத்தான் செய்தது.

இந்தக் கடிதத்தைப் பாத்திமாவின் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் தினமும் ஆட்டோ சவாரி போகிறார். எழுதி முடித்து உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "என் கோடு... அவனுக்கு ஒண்ணாவது... போகட்டும்" என்று போனைக் கேட்டார். சிவப்பாகவே போகட்டும் என்றார். ஸ்டாண்டைக் காணவில்லை, பாத்திமாவின் பிள்ளைகள் எடுத்து விளையாடியிருக்க வேண்டும். அதனால் மாவு அண்டாவின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்தேன். அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சுவரை வந்தது. பிறகு பிடி நழுவி, கை சுழன்று வந்து போனை மாவுக்குள் தட்டிவிட்டது. மாவு நன்றாகப் பொங்கியிருந்ததால் சத்தம் ஒன்றும் இல்லை. அடியில் போன பிறகும் அது, "ஆள் தெரியவில்லை, தயவுசெய்து முன்னால் வந்து நிற்கவும்" என்று இரண்டு முறை சொன்னது. எடுத்துத் துடைத்து, ஈரம் போகட்டும் என்று அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டோம்.